கேரட் சொன்ன பொய்

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளன.)

வழக்கமா ஒரு போர், ஒரு கண்டுபிடிப்பு, ஒரு ராஜான்னு ஆரம்பிப்போம். இன்னைக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டுல இருந்து ஆரம்பிக்கிறேன். பயப்படாதீங்க, போரும் வரும்.

போன மாசம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு ஆபீஸ் கால் நீண்டுகொண்டே போனது. மைக்கை மியூட் பண்ணிவிட்டு, "டேய், பாப்பாவுக்கு நீ ஊட்டிடுறியா?" என்று ரூமுக்குள்ளிருந்தே கேட்டாள். பாப்பாவுக்கு 4 வயசு. தட்டில் பருப்பு சாதம், பக்கத்தில் கேரட் பொரியல். சாதம் உள்ளே போகிறது. கேரட் மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கப்பட்டு தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கப்படுகிறது. நானும் நம்ம எல்லாருக்கும் தெரிந்த அந்த டயலாக்கை எடுத்து விட்டேன். "கேரட் சாப்பிட்டா கண்ணு நல்லாத் தெரியும். இருட்டுல கூட தெரியும்!"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "தாத்தா தினமும் கேரட் சாப்பிடுறாங்க. அப்புறம் ஏன் மாமா கண்ணாடி போட்டிருக்காங்க?"

ரிலீஸ் பண்ணின அஞ்சாவது நிமிஷத்தில் பக் கண்டுபிடித்த டெஸ்டர் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் பதில் இல்லை. கேரட் வரிசை அப்படியே இருந்தது.

இந்த வரியை எனக்குச் சொன்னது அம்மா. அம்மாவுக்கு யார் சொன்னாங்கன்னு கேட்டா, "எல்லாரும் சொல்றதுதானே" என்றார். அந்த 'எல்லாரும்' யாருன்னு தேடப் போனதுதான் இந்த எபிசோட். கடந்த 100 வருஷத்தில், சின்னப் பிள்ளைகளைக் காய்கறி சாப்பிட வைக்கப் பெரியவர்கள் கதை சொன்னாங்க, கார்ட்டூன் வரைஞ்சாங்க, லஞ்சம் கொடுத்தாங்க, ஸ்டிக்கர் ஒட்டினாங்க, பொய் சொன்னாங்க. அதில் எது வேலை செய்தது என்பதுதான் இன்றைக்கு நம்ம கேள்வி.

விளக்கணைத்த நாடு

1939 செப்டம்பர் 1. பிரிட்டன் முழுக்க இரவில் விளக்கு வெளியே தெரியக் கூடாது என்று உத்தரவு. ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களுக்கு ஊர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடக் கூடாதே. தெருவிளக்கு இல்லை, ஜன்னலில் கறுப்புத் திரை. மக்கள் இருட்டில் தடுக்கி விழுந்தார்கள், வண்டியில் அடிபட்டார்கள்.

1940 ஜனவரி 8-இல் ரேஷன் ஆரம்பித்தது. முதலில் வெண்ணெய், சர்க்கரை, பன்றி இறைச்சி. 1942-இல் மிட்டாய்க்கும் ரேஷன் வந்துவிட்டது. கடலைத் தாண்டி வரும் உணவுக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடிக்கின்றன. அதனால் உள்ளூர் மண்ணில் விளைவதைத்தான் சாப்பிட்டாக வேண்டும். உருளைக்கிழங்கு நிறைய இருக்கிறது. கேரட்டோ தேவைக்கு மேலேயே இருக்கிறது. 1942-இல் 100,000 டன் கேரட் உபரி.

அப்போது உணவு அமைச்சராக இருந்தவர் லார்டு வூல்டன். அரசியல்வாதி இல்லை, பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களை நடத்தி வந்த வியாபாரி. பொருளை எப்படி விற்க வேண்டும் என்று தெரிந்த மனுஷன். அவருடைய உணவு அமைச்சகம் இரண்டு கார்ட்டூன் பாத்திரங்களைக் களத்தில் இறக்கியது. ஒருவர் 'டாக்டர் கேரட்', மருத்துவப் பையோடு வரும் கேரட். இன்னொருவர் 'பொட்டேட்டோ பீட்', ஒரு குஷியான உருளைக்கிழங்கு. பாட்டு, போஸ்டர், சமையல் குறிப்பு என்று எங்கு பார்த்தாலும் இவர்கள்தான். வால்ட் டிஸ்னி ஸ்டுடியோவின் ஓவியர் ஒருவர் கேரட்டுக்கு ஒரு குடும்பத்தையே வரைந்து கொடுத்தார். ஐஸ்கிரீம் கிடைக்காத குழந்தைகளுக்குக் குச்சியில் செருகிய கேரட் கொடுத்தார்கள். அந்தக் காலத்துப் போட்டோக்களில் பிள்ளைகள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

இதோடு ஒரு வீரக் கதையும் சேர்ந்துகொண்டது. ஜான் கன்னிங்ஹாம் என்று ஒரு போர் விமானி. 1940 நவம்பரில் கும்மிருட்டில் ஒரு ஜெர்மன் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார். பிறகும் இரவில் வரிசையாக வீழ்த்திக்கொண்டே போனார். பத்திரிகைகள் அவருக்கு 'பூனைக் கண்' என்று பட்டப்பெயரே வைத்தன. எப்படி அவருக்கு மட்டும் இருட்டில் தெரிகிறது? நிறைய கேரட் சாப்பிடுகிறார் என்று செய்தி பரவியது. நிஜமான காரணம் அவர் விமானத்துக்குள் இருந்த ரேடார். அது ராணுவ ரகசியம், வெளியே சொல்ல முடியாது. ஜெர்மானியர்கள் இந்தக் கேரட் கதையை நம்பி ஏமாந்தார்கள் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஆனால் பிரிட்டிஷ் மக்கள் நம்பினார்கள். விளக்கணைத்த தெருவில் வழி தெரிய கேரட் சாப்பிடுங்கள் என்று அமைச்சகமே விளம்பரம் செய்தது.

எங்க அம்மா சொன்ன வரி நேரா லண்டனிலிருந்து கப்பலேறி வந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'இருட்டுல கூட தெரியும்' என்ற அந்த ஒட்டுப்போட்ட பகுதியை, ஒரு அரசாங்கம் போஸ்டர் அடித்துப் பரப்பிய காலம் ஒன்று இருந்தது.

பொய்க்குள் ஒரு உண்மை

இங்கே ஒரு நிமிஷம் நிற்கணும். இது முழுப் பொய்யும் இல்லை.

கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை நம் உடம்பு வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்கிறது. மங்கலான வெளிச்சத்தில் பார்க்க விழித்திரைக்கு அது தேவை. அது குறைந்தால் மாலைக்கண் வரும். இன்னும் குறைந்தால் கருவிழி வறண்டு, புண்ணாகி, பார்வையே போய்விடும். ஆனால் போதுமான அளவு இருக்கிறவருக்கு மேலும் மேலும் கேரட் கொடுத்தாலும் பூனைக் கண் வராது. தாத்தா கண்ணாடியும் கழன்று விழாது. டேங்க் நிறைந்த வண்டிக்கு மேலும் பெட்ரோல் ஊற்றினால் வேகம் கூடுமா?

டேங்க் காலியாக இருந்த குழந்தைகள் நம்ம ஊரிலேயே இருந்தார்கள். திருச்சி மாவட்டத்தில் ஒரு ஆய்வு நடந்தது; முடிவு 1990-இல் வெளியானது. 5 வயது வரையான 15,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள். ஒரு பாதிக் குழந்தைகளுக்கு வாரா வாரம் சிறிய அளவில் வைட்டமின் ஏ கொடுத்தார்கள். மறு பாதிக்கு அது இல்லாத சொட்டு மருந்து. ஒரு வருஷத்தில், வைட்டமின் ஏ கிடைத்த குழந்தைகளிடையே மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தன. கண் மட்டும் இல்லை, உயிரே. பிறகு உத்தரப் பிரதேசத்தில் நடந்த இன்னும் பல மடங்கு பெரிய ஆய்வில் இவ்வளவு பெரிய பலன் தெரியவில்லை, அந்த விவாதம் தனிக்கதை. கொடுத்தது மருந்து, கேரட் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் ஒரு விஷயம் தெளிவு. 3, 4 வயதில் தட்டில் என்ன இருக்கிறது, அதில் எது வயிற்றுக்குள் போகிறது என்பது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. அதனால்தான் பெரியவர்கள் இவ்வளவு குட்டிக்கரணம் போட்டார்கள்.

பாப்பாயும் புள்ளியும்

கார்ட்டூன் என்றதும் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும், பாப்பாய்! பசலைக்கீரை டப்பாவை நசுக்கி வாயில் கவிழ்த்தால் புஜம் புடைக்கும். 1929-இல் அமெரிக்கப் பத்திரிகைச் சித்திரத்தொடர் ஒன்றில் வந்த மாலுமி. கீரை விளையும் டெக்சஸ் மாநிலத்து கிறிஸ்டல் சிட்டியில் 1937-இலேயே அவருக்குச் சிலை வைத்துவிட்டார்கள்.

இன்ஜினியரிங் காலேஜில் எங்களுக்கு ஒரு கதை சொல்வாங்க. 19-ஆம் நூற்றாண்டு விஞ்ஞானி ஒருவர் கீரையின் இரும்புச் சத்தை எழுதும்போது டெசிமல் புள்ளியைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டார், அளவு 10 மடங்கு ஆகிவிட்டது, அதை நம்பித்தான் பாப்பாய்க்குக் கீரை கொடுத்தார்கள், அதனால டெசிமல் முக்கியம் மாணவர்களே! நானே இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். 2010-இல் மைக் சட்டன் என்ற ஆய்வாளர் இதன் வேரைத் தேடிப் போனார். அந்தப் புள்ளிக் கதைக்கே ஆதாரம் கிடைக்கவில்லை. அதைவிட சுவாரஸ்யம், 1932-ஆம் வருஷத்துச் சித்திரம் ஒன்றில் பாப்பாய் தான் கீரை சாப்பிடக் காரணம் என்னவென்று தானே சொல்கிறார். அது இரும்பு இல்லை, வைட்டமின் ஏ!

ஆக, பொய்யை எச்சரிக்க நாம் சொன்ன கதையே பொய். காய்கறி விஷயத்தில் பெரியவர்களும் 4 வயசுக் குழந்தைகள்தான்.

மெழுகுவர்த்திக்காரர் சொன்ன எலிக் கதை

சரி, கதையும் ஹீரோவும் நிஜமாகவே குழந்தையின் நாக்கை மாற்றுமா? போருக்குச் சில வருஷம் முன்னால் இதே பிரிட்டனில் ஒருவர் இதைச் சோதித்துப் பார்த்திருந்தார். கார்ல் டங்கர். பேர் தெரியாட்டியும் அவர் புதிர் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு மெழுகுவர்த்தி, ஒரு டப்பா நிறைய குண்டூசி, தீப்பெட்டி. மெழுகுவர்த்தியைச் சுவரில் நிற்க வைக்கணும். குண்டூசி டப்பாவையே தாங்கியாகப் பயன்படுத்தினால் விடை. இன்றைக்கும் ஆபீஸ் டிரெய்னிங்கில் எல்லாம் இதைப் போடுவாங்க. ஹிட்லரின் ஜெர்மனியில் வேலை பறிபோய் வெளியேறியவர் டங்கர்.

1938-இல் வெளியான அவருடைய ஆய்வில் நர்சரி குழந்தைகளுக்கு ஒரு கதை சொல்கிறார். ஹீரோ ஒரு வயல் எலி. அதற்கு ஒரு தின்பண்டம் கண்டாலே பிடிக்காது, இன்னொன்று உயிர். கதை முடிந்ததும் இரண்டு பொடிகளை வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார். ஒன்று எலுமிச்சை வாசனையோடு இனிப்பான வெள்ளைச் சாக்லேட் பொடி. இதுதான் எலிக்குப் பிடிக்காதது என்று பெயர் சூட்டியிருந்தார். மற்றது மருந்து நாற்றம் அடிக்கும் சர்க்கரை. கதை கேட்காத பிள்ளைகள் சாக்லேட்டை எடுப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கதை கேட்ட பிள்ளைகளில் நிறைய பேர் எலி பக்கம் சாய்ந்து மருந்துச் சர்க்கரையை எடுத்தார்கள்!

அப்போ கதை வேலை செய்கிறது. ஆனால் நாட்கள் போகப் போக அந்த விளைவு மங்கிக்கொண்டே போனது. எலி மறந்தது, சாக்லேட் ஜெயித்தது. கதை வாயைத் திறக்க வைக்கும், அவ்வளவுதான். பழக்கத்துக்கு வேறு ஏதோ வேண்டும்.

வாயே திறக்காத நர்ஸ்

அந்த 'வேறு ஏதோ' என்னவென்று பார்க்க, இன்னும் கொஞ்சம் பின்னால், அமெரிக்காவுக்குப் போவோம். கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர். அந்தக் காலத்து டாக்டர்கள் குழந்தைக்கு என்ன, எப்போது, எத்தனை அவுன்ஸ் என்று பிரிஸ்கிரிப்ஷன் எழுதுவார்கள். குழந்தை வாயை மூடினால் வீடே போர்க்களம். டேவிஸுக்கு ஒரு சந்தேகம், சும்மா விட்டால் என்ன ஆகும்?

1926-இல் ஆரம்பித்தார். மொத்தம் 15 குழந்தைகள், அப்போதுதான் பால் மறந்தவர்கள். ஏழைத் தாய்மார்களின் பிள்ளைகள். ஆய்வுக்காகவே மாதக்கணக்கில், சிலர் வருஷக்கணக்கில் தங்க வைக்கப்பட்டார்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்குக் கையெழுத்துப் போடாது. 34 வகை உணவுகள். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பட்டாணி, பசலைக்கீரை, பழங்கள், முட்டை, இறைச்சி, ஈரல், மூளை, எலும்பு மஜ்ஜை, பால். எதிலும் உப்பு கலக்கவில்லை, உப்பு தனிக் கிண்ணத்தில். ஒவ்வொரு வேளையும் இதில் ஒரு பகுதி தட்டில் வரும். பக்கத்தில் ஒரு நர்ஸ், கையில் ஸ்பூன். அவருக்கு ஒரே விதி: வாயைத் திறக்கக் கூடாது. "சமத்து" இல்லை, "ஒரே ஒரு வாய்" இல்லை, முகம் கூட சுளிக்கக் கூடாது. குழந்தை கை நீட்டினால் மட்டும் அந்தக் கிண்ணத்திலிருந்து ஒரு ஸ்பூன்.

குழந்தைகள் காலை உணவாக ஆரஞ்சுச் சாறும் ஈரலும் சாப்பிட்டார்கள். ராத்திரி முட்டை மேல் முட்டையாக உள்ளே தள்ளினார்கள். 15 பேரில் ஒருவர் சாப்பாடு இன்னொருவர் சாப்பாடு மாதிரி இல்லை. ஆனாலும் எல்லாரும் நன்றாக வளர்ந்தார்கள். ரிக்கெட்ஸோடு வந்த ஒரு குழந்தை, தட்டில் இருந்த மீன் எண்ணெயைத் தானாகவே குடித்து, எலும்பு தேறிய பிறகு தானாகவே விட்டுவிட்டது.

"பார்த்தீங்களா, உடம்புக்கே தெரியும்!" என்று இந்த ஆய்வைப் பலர் கொண்டாடினார்கள். ஆனால் 1939-இல் டேவிஸே உண்மையைப் போட்டு உடைத்தார். சூட்சுமம் குழந்தையிடம் இல்லை, அந்த 34 உணவுப் பட்டியலில் இருக்கிறது என்றார். அதில் வெள்ளைச் சர்க்கரை கிடையாது, டப்பா உணவு கிடையாது. எதை எடுத்தாலும் நல்லதுதான். பதப்படுத்திய உணவுகளையும் வைத்து அடுத்த ஆய்வு செய்ய நினைத்தார். 1930-களின் பொருளாதார மந்தத்தில் பணம் கிடைக்கவில்லை.

அதாவது என்ன வாங்குவது என்பது பெரியவர் வேலை. அதில் எவ்வளவு என்பது குழந்தை வேலை. நம்ம வீடுகளில் இது தலைகீழ். பிஸ்கட் பாக்கெட்டை வாங்கி அலமாரியில் வைப்பது நாம். அதைக் கேட்கிற பிள்ளையிடம் பீன்ஸுக்காகச் சண்டை போடுவதும் நாம்.

பக்கத்து பெஞ்சு

1980-இல் லீன் பர்ச் என்ற உளவியலாளர் செய்தது ரொம்ப எளிமையான வேலை. பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளிடம் எந்தக் காய் பிடிக்கும் என்று கண்டுபிடித்தார். பிறகு ஒரு குழந்தையை, அது ஒதுக்கும் காயை விரும்பும் 3, 4 பிள்ளைகளோடு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தார். பாடம் இல்லை, பாட்டு இல்லை. முதல் நாள் குழந்தை தனக்குப் பிடித்ததையே எடுத்தது. நாலாவது நாளுக்குள் பலர் மாறியிருந்தார்கள். ஒதுக்கின காயைத் தாங்களே எடுத்தார்கள்.

1984-இல் அவரும் சக ஆய்வாளர்களும் நம்ம எல்லார் வீட்டு ஆயுதத்தையும் சோதித்தார்கள். "இதை முடிச்சா அது தருவேன்." பரிசு காட்டி ஒரு புதிய பானத்தைக் குடிக்க வைத்தார்கள். பிள்ளைகள் குடித்தார்கள். ஆனால் அந்தப் பானத்தின் மேல் விருப்பம் முன்பைவிடக் குறைந்தது. யோசித்தால் சரிதான். லஞ்சம் கொடுத்துத் தர வேண்டிய பொருள் என்றால் அது மட்டமானதாகத்தானே இருக்கணும்? நல்ல பொருளுக்கு யாராவது கையில காசு கொடுத்து வாங்கச் சொல்வாங்களா?

திரும்பத் திரும்ப, வற்புறுத்தாமல், சுவைக்கக் கொடுத்தால் விருப்பம் மெதுவாக வளர்கிறது என்பதையும் பர்ச் காட்டினார். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை. பத்து, பதினைந்து தடவை கூட ஆகலாம். நாம் மூணாவது தடவையிலேயே "இவளுக்குக் கேரட் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

எக்ஸ்ரே கேரட்

இவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கு? குறுக்கு வழி இல்லையா? 2012-இல் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரையன் வான்சிங்க் இருக்கு என்றார். கேரட்டுக்கு 'எக்ஸ்ரே பார்வை கேரட்' என்று பெயர் வைத்தால் பள்ளிப் பிள்ளைகள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சாப்பிடுகிறார்கள். ஆப்பிளில் எல்மோ பொம்மை ஸ்டிக்கர் ஒட்டினால் பிஸ்கட்டை விட்டு ஆப்பிளை எடுக்கிறார்கள். டாக்டர் கேரட் 70 வருஷம் கழித்து மறுபிறவி எடுத்துவிட்டார்! பத்திரிகைகள் கொண்டாடின. இவருடைய யோசனைகளை வைத்து அமெரிக்க அரசு நிதியோடு நடந்த பள்ளி உணவுக்கூடத் திட்டம் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் போனது.

2016 கடைசியில் வான்சிங்க் தன் ஆராய்ச்சி முறை பற்றித் தானே பெருமையாக எழுதினார். அதைப் படித்த சில ஆய்வாளர்களுக்கு உறுத்தியது. பீட்சா பற்றிய அவருடைய 4 கட்டுரைகளை எடுத்து எண்களைக் கூட்டிப் பார்த்தார்கள். சுமார் 150 முரண்பாடுகள். சராசரிகள் கணக்கில் வரவே முடியாத எண்கள். கோடு எழுதுறவங்களுக்கு இந்தக் காட்சி பரிச்சயம்: ஒரு பக்கைத் தொட்டால் மொத்த பில்டிங்கும் ஆடும்.

அப்படித்தான் ஸ்டிக்கர் ஆப்பிளும் கேரட்டும் வெளிச்சத்துக்கு வந்தன. கட்டுரையில் பிள்ளைகளின் வயது 8 முதல் 11. நிஜத்தில் அவர்கள் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள்! ஒரு ஆய்வில் யாரை ஆய்ந்தோம் என்பதே தப்பு. அந்தக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. 2018-இல் மட்டும் ஒரே நாளில் ஜாமா குழும இதழ்கள் அவருடைய 6 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. பல்கலைக்கழகம் விதிமீறல் என்று அறிவித்தது, அவர் பதவி விலகினார்.

எனக்கு இதில் வலிக்கிறது என்னன்னா, அந்த வயது. 4 வயசுக் குழந்தையும் 10 வயசுக் குழந்தையும் ஒன்று என்று ஒரு கட்டுரை சொல்கிறது. வருஷக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்தக் குட்டி ஆளை நாம் எவ்வளவு தூரம் பார்க்கிறோம் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

அப்போ என்னதான் சொல்வது?

நம்பகமான இரண்டு ஆய்வுகளைச் சொல்லி முடிக்கிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் சண்டை போடும்.

2014-இல் வந்தது மிகல் மைமரன், அய்லெட் ஃபிஷ்பாக் ஆய்வு. 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்குப் படக்கதை சொன்னார்கள். கதையில் ஒரு சிறுமி கேரட்டோ பிஸ்கட்டோ சாப்பிடுகிறாள். சிலருக்கு "இதைச் சாப்பிட்டா பலம் வரும்", "எண்ணத் தெரியும்" என்று சேர்த்துச் சொன்னார்கள். சிலருக்குப் பலன் எதுவும் சொல்லவில்லை. பலன் கேட்ட பிள்ளைகள்தான் குறைவாகச் சாப்பிட்டார்கள்! ஒரே பொருள் உபயோகமாகவும் ருசியாகவும் இருக்க முடியாது என்று குழந்தைகள் முடிவு கட்டுகிறார்கள் போல. நமக்கும் 'உடம்புக்கு நல்லது' என்று போட்டிருந்தால் கை பின்வாங்குதே.

அதற்கு முந்தைய வருஷம், 2013-இல், ஸ்டான்ஃபோர்டில் சாரா கிரிப்ஷோவரும் எலன் மார்க்மனும் செய்தது வேறு. நர்சரிப் பிள்ளைகளுக்காக 5 படப் புத்தகங்கள் தயாரித்தார்கள். பலம் வரும், கண் தெரியும் என்ற பேரம் அதில் இல்லை. உணவுக்குள் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிச் சத்துகள் இருக்கின்றன. ஒரு உணவில் இருப்பது இன்னொன்றில் இல்லை. ஓடுவதற்கு மட்டுமல்ல, யோசிப்பதற்கும் உடம்புக்குப் பலவிதச் சத்து தேவை. வயிறு அதைப் பிரித்தெடுக்கிறது, ரத்தம் சுமந்து போகிறது. நிஜ உயிரியல், குழந்தை மொழியில். சாப்பிடு என்று யாரும் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து, சிற்றுண்டி நேரத்தில் அந்தப் பிள்ளைகள் தாங்களாக எடுத்த காய்கறி இரண்டு மடங்குக்கும் மேல்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இதுதான். "சாப்பிட்டா இது கிடைக்கும்" என்பது வியாபாரம். "உள்ளே என்ன நடக்குது தெரியுமா?" என்பது பகிர்தல். முதலாவதில் குழந்தை கஸ்டமர், இரண்டாவதில் நம்மைப் போலவே யோசிக்கத் தெரிந்த ஆள். இரண்டுக்கும் கதை வேண்டும், படம் வேண்டும், விளையாட்டு வேண்டும். ஆனால் விளையாட்டும் ஏமாற்றும் ஒன்றில்லை. விளையாட்டில் ரெண்டு பேரும் விளையாடுறாங்க.

திரும்பவும் அந்தத் தட்டு

ரெண்டு வாரம் கழித்து அக்கா வீட்டுக்கு மறுபடி போனேன். பாப்பாவிடம் சொன்னேன், "மாமா அன்னைக்குச் சொன்னது தப்பு. கேரட் சாப்பிட்டாலும் இருட்டுல தெரியாது. நீ கேட்டது சரியான கேள்வி." அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இருந்த ஒரு ஆயுதத்தையும் புடுங்கிட்டியேடா!"

அன்றைக்குப் பொரியலுக்குக் கேரட்டைத் துருவும்போது பாப்பாவையும் கூட்டி வந்து உட்கார வைத்தோம். ஒரு கேரட்டை நீளவாக்கில் வெட்டிக் காட்டினேன். நடுவில் வேறு நிறத்தில் ஒரு தண்டு போகிறதே, அது வழியாகத்தான் மண்ணிலிருந்து தண்ணீர் மேலே ஏறும் என்றேன். "ஸ்ட்ரா மாதிரியா?" என்றாள். ஸ்ட்ரா மாதிரிதான். கண்ணுக்கு வேண்டிய சத்து இதில் கொஞ்சம் இருக்கு, தாத்தா கண்ணுக்கு வேற பிரச்சினை, அது கேரட்டால சரியாகாது என்றும் சொன்னேன். தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியோடு கேரட்டை மென்றுகொண்டிருந்தார்.

அவள் அந்த 'ஸ்ட்ரா'வை மட்டும் உருவி எடுத்து ஒரு கடி கடித்தாள். மென்றாள். என் உள்ளங்கையில் துப்பினாள்.

சினிமாவா இருந்தா இந்த இடத்தில் அவள் முழுக் கேரட்டையும் சாப்பிட்டிருப்பாள். ஆனால் லீன் பர்ச் சொன்ன கணக்கில் இது முதல் தடவை. இன்னும் பத்து, பதினாலு தடவை இருக்கு. அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், அடுத்த தடவை ஊட்டுவதற்குப் பதில் நாங்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதாக. போனையும் டிவியையும் அணைத்துவிட்டு. ஆபீஸ் காலையும்தான்.

உங்க வீட்டில் உங்களைக் காய் சாப்பிட வைக்கச் சொன்ன பொய் என்ன? அதை எப்போ கண்டுபிடிச்சீங்க? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுவரைக்கும் தட்டில் ஒதுக்கி வெச்சிருக்கிற அந்தப் பீன்ஸை ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க. ஒண்ணும் கிடைக்காது. சும்மா.